தையற்காரர் ஜான் வூல்மன்

எல்லாரோடும் சமாதானமாய் வாழ்தல் கிறித்தவ நெறியின் தலையாய கடமைகளுள் ஒன்று. ஆனால் கொடுமையைக் கண்டும் வாய்மூடி இருப்பதே சமாதானம் என்று பொருள் கொள்வோர் பலர் உளர். தாழ்த்தப்பட்டோருக்கே இவ்வுபதேசம் மிகுதியாகச் செய்யப்பட்டு வந்ததை நாம் அறிவோம். அவ்வாறு பொருள் கொள்ளாது வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் கற்றல் நலம்.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாய் இருந்த நியூ ஜெர்சியில், 1720ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ஜான் வூல்மன் பிறந்தார். வேளாண் குடும்பம். அவர்தம் பெற்றோர் நண்பர்கள் சங்கம் எனப்படும் குவேக்கர் சபையினர். அச்சபையார் போரை ஏற்காதவர், படைக்கலம் எடாதவர். எனினும் அவர்களுள் வசதி படைத்தோர் பலர், ஆப்பிரிக்காவினின்று கடத்தி வரப்பட்ட மக்களை அடிமைகளாய் வைத்திருந்தனர். இம்முரண்பாடு அவர்களுள் பெரும்பாலோர் உள்ளத்தை உறுத்தவில்லை.

இளைஞரான வூல்மன் மவுண்ட் ஹாலி என்னும் சிற்றூரில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். ஒருநாள் கடை முதலாளி, தம் அடிமைப் பெண்ணொருத்தியை விற்பதற்குக் கிரயப் பத்திரம் எழுதுமாறு பணித்தார். வாங்குபவரோ சபையைச் சேர்ந்த முதியவர். வூல்மன் எழுதிக் கொடுத்தார். ஆயினும் அடிமை முறை கிறித்தவ சமயத்திற்கு ஒவ்வாதது என்று இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதன்பின் அத்தகைய பத்திரம் எழுதுவதில்லை என உறுதி பூண்டார்.

அண்டை அயலார் உயில் எழுத அவரை நாடுவது வழக்கம். அடிபட்டுக் கிடந்த ஒருவர் உயில் எழுத அழைத்தபோது, அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை விடுத்து மற்றவற்றை எழுதி, கூலி வேண்டாம் என்று கூறினார். இருவரும் அமர்ந்து பேசினர். முடிவில் அவர் அப்பெண்ணுக்கு விடுதலை அளிக்க இசைந்தார், உயில் நிறைவுற்றது. ஒருவரையும் தூற்றாமல், ஆனால் தம் கையால் தீமைக்கு ஒரு வரியும் எழுதாமல் பழகுவதே அவர் முறை. இது கோழைத்தனம் அன்று. வருவாயையும் நட்பையும் இழக்கத் துணிந்தவர்க்கே இது கைகூடும்.

வாணிபம் பெருகியபோது, மனம் அதில் சிக்குண்டு போகும் என்று அஞ்சி, 1756இல் அதனைச் சுருக்கித் தையல் தொழிலோடு அமைந்தார். 1757இல் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய பகுதிகளில் பயணம் செய்தார். அடிமைகளை வைத்திருந்தோர் இல்லங்களில் விருந்துண்ண நேர்ந்தால், அடிமைகளின் உழைப்பை இலவசமாய் உண்ணலாகாது எனக் கருதி, அவர்கட்கென்று பணம் கொடுத்தார். விருந்தளித்தவர் முகம் எவ்வாறு மாறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்!

1758இல் ஊரில் போர்வீரரைத் தங்கவைக்க அரசு ஆணையிட்டது. வூல்மன் வீட்டிற்கு ஒரு வீரர் வந்து இரு வாரங்கள் தங்கினார். அவருக்கு இடமளித்த வூல்மன், அதற்குரிய தொகையைப் பெற மறுத்தார். அதே ஆண்டு பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் அடிமைச் சிக்கல் எழுந்தது. பொறுத்திருப்போம் என்றோருக்கு எதிராக, காலம் தாழ்த்துவது தகாது என அவர் வாதிட்டார். அடிமைகளை வைத்திருப்போரை வீடுதோறும் கண்டு பேச ஒரு குழு அமைந்தது. அதில் அவரும் ஒருவர்.

1763இல், எல்லைப்புறத்தில் போர் மூண்டிருந்த வேளையில், வையலூசிங் என்னும் ஊரில் வாழ்ந்த அமெரிக்கப் பழங்குடியினரைக் காணச் சென்றார். போதிப்பதற்கு மட்டுமன்று, அவர்களிடம் கற்பதற்கும் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. வழியில் ஒருவர் போர்க் கோடரியை ஆடைக்குள் மறைத்தவாறு எதிர்ப்பட்டு, அதனை வெளியே எடுத்தார். வூல்மன் ஆயுதமின்றி முன்சென்று நட்புடன் பேச, அவர் சிறிது நேரத்தில் உடனமர்ந்து புகை பிடிக்கலானார்.

சாயம் அழுக்கை மறைக்கவும் பயன்படுகிறது எனக் கருதிச் சாயமிடாத உடையையே பிற்காலத்தில் அணிந்தார். 1772இல் இங்கிலாந்து சென்றபோது கப்பலில் மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். அந்நாட்டுத் தபால் வண்டிகளில் குதிரைகளும் சிறுவர்களும் படும் துன்பத்தை அறிந்து, கால்நடையாகவே யார்க் நகரம் அடைந்தார். அங்கு வைசூரி கண்டு, அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் காலமானார்.

1776இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை விடுவிக்க மறுப்போர் சபையில் இருத்தலாகாது எனத் தீர்மானித்தது. விடுதலை ஒரு தையற்காரரின் கொடை மட்டுமன்று; அடிமைப்பட்டோர் தாமே ஓடியும் எதிர்த்தும் போராடியதை மறந்து இவ்வரலாற்றைப் படித்தல் தவறு. நிறம் பாராது உறுப்பினராய்ச் சேர்க்க அச்சபை இசைந்தது 1796இல்தான். அதன் பின்னரும், கூட்ட மண்டபங்களில் கறுப்பினத்தாருக்குத் தனி விசிப்பலகை நெடுநாள் போடப்பட்டிருந்தது. இச்செய்தி நமக்குப் புதியதன்று.