எட்டே மாதம் நின்ற மண்டபம்

பெரிய ஹோட்டல் லாபியிலோ, ஐ.டி கம்பெனி ரிசப்ஷனிலோ அந்த நாற்காலியை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போகும் பளபள ஸ்டீல் பட்டைகள், மேலே கட்டம் கட்டமாகத் தைத்த தோல் மெத்தை. பார்சிலோனா சேர். இன்னிக்கு அதோட காப்பி உலகம் முழுக்க இருக்கு. ஆனா முதலில் செய்தது ஸ்பெயின் ராஜாவும் ராணியும் ஒரு திறப்பு விழாவுக்கு வரும்போது உட்காருவதற்காக. அது கிடந்த கட்டடம் எட்டு மாதம்தான் நின்றது. அந்த எட்டு மாதத்துக்காகவே அதைக் கட்டியவர் பெயரை இன்றைக்கும் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் படிக்கிறார்கள்.

லுட்விக் மீஸ் வான் டெர் ரோ. 1886-ல் ஜெர்மனியின் ஆஹன் நகரில் பிறந்தவர். அப்பா கல்வேலை செய்பவர். அவர் பட்டறையில் கல்லைத் தொட்டு, தட்டி, வெட்டிப் பழகிய பையனுக்கு ஆர்க்கிடெக்சர் டிகிரியெல்லாம் கிடையாது. 1905-ல் பெர்லினுக்குப் போனார், இருபது வயசைத் தாண்டும்போதே முதல் வீட்டைக் கட்டினார். பெயரில்கூட ஒரு சுவாரஸ்யம் உண்டு. குடும்பப் பெயர் வெறும் மீஸ். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'மோசம்' என்று பொருள்! அம்மா வழிப் பெயரான ரோவை ஒட்டி, நடுவில் ஒரு 'வான் டெர்' போட்டு, கெத்தான பெயரைத் தானே செய்துகொண்டார்.

இப்போ 1929-க்கு வருவோம். பார்சிலோனாவில் சர்வதேசப் பொருட்காட்சி. ஒவ்வொரு நாடும் ஒரு பெவிலியன் எழுப்புகிறது. கிரிக்கெட் பெவிலியன் இல்லீங்க, பொருட்காட்சி முடிந்ததும் பிரித்துவிடும் தற்காலிக மண்டபம். முதல் உலகப்போரில் தோற்று, மன்னராட்சி போய், குடியரசாகிப் பத்து வருஷம் ஆன ஜெர்மனிக்கு, தான் மாறிவிட்டதை உலகத்துக்குக் காட்டணும். பொறுப்பு மீஸிடமும், அவரோடு சேர்ந்து வேலை பார்த்த டிசைனர் லில்லி ரைக்கிடமும் வந்தது. ஒரு வருஷம்கூட முழுசா கிடைக்கவில்லை.

பொருட்காட்சின்னா நமக்குத் தெரியும். ஸ்டால், நெரிசல், மைக் சத்தம், கையில் பெரிய அப்பளம். ஜெர்மனியின் இயந்திரங்களும் துணிகளும் வேறு ஹால்களில் இருந்தன. இந்த மண்டபத்தில் மீஸ் காட்சிக்கு வைத்தது என்ன தெரியுமா? ஒண்ணுமே இல்ல. ஒரு சிலை, சில இருக்கைகள், ஒரு கம்பளம், ஒரு சிவப்புத் திரை. அவ்வளவுதான்.

இடத்தையும் யோசித்தே பிடித்தார். கூட்டம் ஒரு பகுதியிலிருந்து மேலே இன்னொரு பகுதிக்குப் படியேறிப் போகிற வழி அது. அதாவது, மண்டபத்தைப் பார்க்க வராதவர்களும் அதன் வழியாக நடந்து போகணும். ஆனா நேரா நடந்து போக முடியாது. பக்கவாட்டில் படியேறினால் எதிரே அகலமான குளம், அசையாத தண்ணீர். அங்கே திரும்பினால் ஒரு சுவர். சுவரைச் சுற்றினால் கண்ணாடி. அதைத் தாண்டினால் கறுப்புக் கண்ணாடி பதித்த சின்னக் குளம், அதில் கையுயர்த்தி நிற்கும் பெண் சிலை. ஒவ்வொரு திருப்பத்திலும் நடை தானாகக் குறையும். 'சத்தம் போடாதீர்' என்று போர்டு மாட்டத் தேவையே இல்லை.

இது எப்படிச் சாத்தியம்? சிலுவை வடிவில் எட்டு ஸ்டீல் தூண்கள், குரோமியம் பூசியவை. கூரையைத் தாங்கும் வேலையை அவற்றிடம் கொடுத்துவிட்டதால், சுவரைத் திரைச்சீலை மாதிரி வேண்டிய இடத்தில் நிறுத்த முடிந்தது. மூடிய அறை என்று எதுவும் இல்லை. உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதே கொஞ்ச நேரம் குழம்பும்.

நடுவில் நின்ற சுவர்தான் ஹீரோ. வட ஆப்பிரிக்காவின் தங்க நிற ஓனிக்ஸ் கல். அப்போ குளிர்காலம், ஈரம் உறைந்திருப்பதால் சுரங்கத்திலிருந்து புதுக் கல் எடுத்து வர முடியாது. ஹாம்பர்க்கில் ஒரு கல் கிடங்கில் பெரிய பாளம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு பயணக் கப்பலுக்குப் பூச்சாடி செய்ய ஒதுக்கி வைத்திருந்தது. பேசி வாங்கிவிட்டார். கட்டடத்துக்கு ஏற்ப கல்லை வெட்டவில்லை, கல்லுக்கு ஏற்ப கட்டடத்தை அளந்தார். பாளத்தின் உயரத்துக்கு ரெண்டு மடங்கு, சுமார் 3.1 மீட்டர், அதுதான் மண்டபத்தின் உயரம். கல்தச்சர் மகன் இல்லையா!

1929 மே மாதம் மன்னர் 13-ம் அல்ஃபோன்ஸோ திறந்துவைத்தார். 1930 தொடக்கத்தில் பிரித்துவிட்டார்கள். மிஞ்சியது சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

அதற்குப் பிறகான மீஸின் வாழ்க்கையில் அமைதி குறைவு. 1930-ல் புகழ்பெற்ற பௌஹவுஸ் டிசைன் பள்ளிக்குத் தலைவரானார். நாஜிகளின் நெருக்கடியில் 1933-ல் அதை மூட வேண்டிவந்தது. இங்கே அவரை ஹீரோவாக்கி நகர்ந்துவிட முடியாது. 1926-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்ஸம்பர்க் நினைவாகச் செங்கல் நினைவுச்சின்னம் கட்டிய அதே மனிதர், 1934-ல் ஹிட்லரை ஆதரித்த கலைஞர்கள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் அந்த அரசுக்காக இன்னொரு பொருட்காட்சி மண்டபத்துக்கும் வரைந்து கொடுத்தார். அது நிராகரிக்கப்பட்டது. 1938-ல் அமெரிக்கா போய் சிகாகோவில் குடியேறினார். நியூயார்க் சீகிராம் கட்டடம் உட்பட அவருடைய கண்ணாடிக் கோபுரங்கள் உங்களுக்குத் தெரிந்த ஐ.டி பார்க் வரைக்கும் பாதித்திருக்கின்றன.

லில்லி ரைக்? 1927-ல் பெர்லின் ஃபேஷன் கண்காட்சியில், சுவருக்குப் பதில் பட்டும் வெல்வெட்டும் தொங்கவிட்டு ஒரு கஃபேயை மீஸோடு சேர்ந்து செய்தவர். பார்சிலோனாவின் அந்த வளைந்து போகும் நடைக்கு விதை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்காலியிலும் அவர் பங்கு உண்டு, பெயர் மட்டும் வெகுகாலம் மீஸுக்கு. 1939-ல் சிகாகோ வந்து அவரைப் பார்த்துவிட்டு, போர் தொடங்கிய நேரத்தில் பெர்லினுக்கே திரும்பினார். குண்டுவீச்சு நகரத்தை நெருங்கியபோது மீஸின் சுமார் 3,000 வரைபடங்களைப் பெட்டியில் அடைத்து ஊருக்கு வெளியே பத்திரப்படுத்தினார். 1943-ல் அவருடைய ஸ்டுடியோ குண்டில் அழிந்தது. 1947-ல் இறந்துபோனார். அந்த வரைபடங்கள் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மீஸ் 1969-ல் காலமானார். மண்டபம் திரும்ப எழுந்ததை அவர் பார்க்கவில்லை. 1983-ல் ஸ்பெயின் கட்டடக்கலைஞர்கள் அதே இடத்தில் வேலையைத் தொடங்கி, அவர் பிறந்த நூறாவது ஆண்டான 1986-ல் முடித்தார்கள். அதுவரை ரெண்டு தலைமுறை மாணவர்கள் அந்த ஓனிக்ஸின் நிறத்தை நேரில் பார்க்காமலேயே படித்தார்கள்.

பார்சிலோனா போனால் கதவு திறக்கும் நேரத்துக்கே போயிடுங்க, கூட்டம் இருக்காது. ஓனிக்ஸ் சுவர் முன்னால் நின்று, மேல் பலகையும் கீழ்ப் பலகையும் சேரும் கோட்டைத் தேடுங்க. கிட்டத்தட்ட உங்க கண்ணுக்கு நேரா இருக்கும்.