பிரான்சிஸ் டே (மீனியலாளர்)

பிரான்சிஸ் டே (மார்ச் 2, 1829 – ஜூலை 10, 1889) ஆங்கிலேய மருத்துவரும் மீனியல் அறிஞரும் ஆவார். சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்த இவர், பின்னர் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் உரிய மீன்வளத் தலைமை ஆய்வாளராக விளங்கினார். நன்னீர் மீன்கள் குறைவதற்கு அவற்றைப் பிடிக்கும் முறைகளும் காரணம் என்பதை மாவட்டந்தோறும் செய்தி திரட்டி எடுத்துக்காட்டியவர். 1639 இல் சென்னையில் கோட்டை அமையக் காரணமாயிருந்த பிரான்சிஸ் டே வேறொருவர்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள மேர்ஸ்ஃபீல்டில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பயின்று 1852 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்தார். இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பணியாற்றிய பின் கொச்சியில் மருத்துவராக இருந்தார். மீன்களின் மீது அவர் கொண்ட ஈடுபாட்டின் முதற்பயன் 1865 இல் வெளிவந்த மலபார் மீன்கள் பற்றிய நூலாகும். இதற்கிடையே 1863 இல் நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். அம்முயற்சி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரால்தான் நிறைவேறியது.

1871 இல் மீன்வளத் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்ட டே, 1877 இல் ஓய்வு பெறும் வரை அப்பதவியில் இருந்தார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்திய மீன்கள் என்னும் பெருநூல் அவர் புகழை நிலைநாட்டிற்று. இந்நூலில் பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் குறித்துள்ளார். பெயர்களின் ஒலிப்பு சிதைந்திருப்பினும், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய வழக்குச் சொற்களைத் தேடுவோர்க்கு அது அரிய பட்டியல்.

1873 ஆம் ஆண்டு அறிக்கை

டே மாவட்ட அலுவலர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வினாக்களை அனுப்பி, எவ்வகை வலைகள் பயன்படுகின்றன, மீன் குஞ்சுகள் பிடிக்கப்படுகின்றனவா, மீன்வளம் கூடியதா குறைந்ததா என்று கேட்டறிந்தார். கிடைத்த விடைகளைத் தொகுத்து 1873 இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வள அறிக்கையை வெளியிட்டார்.

அவர் கவலையைப் புரிந்துகொள்ளத் தமிழக ஆறுகளின் இயல்பை அறிதல் வேண்டும். வேனிற்காலத்தில் நீரோட்டம் அற்றுப்போக, மீன்கள் ஆற்று மடுக்களிலும் கண்மாய்களின் ஆழமான இடங்களிலும் ஒடுங்குகின்றன. அப்பொழுது அவற்றைப் பிடிப்பது எளிது. ஆழமான நீரில் தூண்டிலும் வீச்சு வலையும், முழங்கால் அளவு நீரில் ஊத்தாவும் பயன்படும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. அதனைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டு மீனை எடுப்பர். நீரை இறைத்துவிட்டு மீனை அள்ளுவதும், கள்ளிப்பால், காக்கைக்கொல்லி விதை போன்ற நச்சுப் பொருள்களைக் கலப்பதும் உண்டு. நஞ்சு கலந்த மடுவில் குஞ்சும் மிஞ்சாது.

வேனிலில் தப்பிய மீன்களே அடுத்த மழைக்கு வித்து. புதுவெள்ளம் வந்ததும் சினைமீன்கள் நீரை எதிர்த்து வாய்க்கால்களிலும் வயல்களிலும் ஏறி முட்டையிடும். வரப்பு மடைகளில் வைக்கப்படும் பறிகள் ஏறும் தாய் மீனையும் இறங்கும் குஞ்சையும் ஒருசேரப் பிடித்துவிடுகின்றன. டே மிகுதியும் கண்டித்தது தூண்டிலையோ பெரிய வலையையோ அன்று. இப்பறிகளையும் சிறுகண் வலைகளையும் நஞ்சையுமே. கொள்ளிடம் போன்ற ஆறுகளின் குறுக்கே அணைக்கட்டுகள் கட்டியபோது மீன் ஏற வழி விடாததையும் அவர் குறை கூறினார். தம் அரசின் பொறியாளர்கள் கட்டியவை என்று அவர் வாளாவிருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. வயல்மீன் ஏழைகளின் உணவு. அதனைத் தடுத்தால் மக்கள் துன்புறுவர் என்று பல அலுவலர்கள் கருதினர். இக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட இச்சிக்கலில், டே இறந்து எட்டாண்டுகள் கழிந்த பின் 1897 இல் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. அது வெடிமருந்தையும் நஞ்சையும் தடை செய்தது. வலைக்கண் அளவு, பொறிகள், பிடிக்கலாகாத காலம் ஆகியவற்றைப் பற்றி விதிகள் வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

இவர் காலத்தவரான எச். எஸ். தாமஸ் என்னும் சென்னை மாகாண ஆட்சிப்பணி அலுவலர் தூண்டில் மீன்பிடிப்பு வல்லுநர். ஆற்றுத் தூண்டில் பற்றி 1873 இலும் குளத்துத் தூண்டில் பற்றி 1887 இலும் அவர் நூல்கள் எழுதினார். அவர் பெயரை டே ஒரு கெண்டை இனத்துக்குச் சூட்டியுள்ளார்.

தேனி, கம்பம் பகுதி

கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் வழியில் முண்டக்கயம் உள்ளது. இங்கிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு டே 1865 இல் இரு புதிய இனங்களை விவரித்தார். ஒன்று அங்குப் பணியாற்றிய சமயப்பணியாளர் ஹென்றி பேக்கரின் பெயரைத் தாங்கியது. மற்றொன்று சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைப் பெற்றது. செங்கோடும் கருங்கோடும் உடைய இம்மீனே இன்று மிஸ் கேரளா என்னும் பெயரில் உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. வணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் ஓடைகளில் அருகிவிட்டது.

பெரியாறு ஏரியை டே கண்டதில்லை. அவர் இறந்து ஆறாண்டுகள் கழித்து 1895 இல்தான் அணை நிறைவுற்று, நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அப்பெரியாற்றின் மேற்பகுதிக்கே உரிய லெபிடோபிகாப்சிஸ் என்னும் கெண்டையினம் அவர் நூல்களில் இல்லை. அதனை 1941 இல் பி. சுந்தரராஜ் விவரித்தார். 1952 இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா என்னும் ஜிலேபிக் கெண்டையும், சாதாக் கெண்டையும் பின்னர் ஏரியில் புகுந்து, உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாயின. டே எண்ணிப் பார்த்திராத இடர் இது. ஆனால் வெளிமீன்கள் வருமுன் மேற்குத் தொடர்ச்சி மலையில் என்னென்ன இருந்தன என்பதற்கு அவர் நூல்களே முதற்சான்றாக அமைகின்றன.

இறுதிக் காலம்

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் வாழ்ந்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மீனியலாளர் ஆல்பர்ட் குந்தருடன் அவருக்குப் பகைமை இருந்தது. அதனால் தாம் சேர்த்த மீன்களில் பெரும்பகுதியை 1883 இல் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றார். இந்திய விலங்குகள் பற்றிய அரசு வரிசை நூல்களில் மீன்களுக்குரிய இரு தொகுதிகள் 1889 இல் வெளிவந்தன. அவ்வாண்டே டே காலமானார்.