தொழிற்கல்வி வளர்த்த வள்ளல்

குமரி மாவட்டத்து மயிலாடி, கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள சிற்பக் கூடத்தில் தொழில் பயிலப் புகும் இளைஞன், ஆசானின் அருகில் அமர்ந்து கல்லின் தரம் அறிகின்றான், உளி பிடிக்கின்றான், சிலையின் அளவுகளை உணர்கின்றான். அவனுக்குத் தொழிற்கூடமே கல்விக்கூடம். நெசவு, தச்சு, கொல்லுத் தொழில் முதலிய நம் நாட்டுப் பழந்தொழில்கள் பலவும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பெற்று வந்தன.

இயந்திரத் தொழில் நம் நாட்டிற்கு வந்தபோது இவ்விணைப்பு அறுபட்டது. ஆலை ஓரிடத்தும் கல்லூரி வேறோரிடத்தும் நின்றன. ஆலையில் உழைத்தவர், பொறி இயங்கும் முறையின் காரணத்தை அறியார். கல்லூரியில் பயின்றவர் அப்பொறியைத் தொட்டும் அறியார். பஞ்சாலைகளுக்கு வேண்டிய பொறிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வரவேண்டியிருந்தன. பிரிந்து நின்ற தொழிலையும் கல்வியையும் மீண்டும் ஒன்று சேர்ப்பதற்குத் தம் பெருஞ்செல்வத்தை வாரி வழங்கியவர் டாக்டர் அழகப்பச் செட்டியார் ஆவார்.

செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக அழகப்பர் தோன்றினார். அவர் பிறந்த நகரத்தார் குலம், பர்மா, மலேயா, இலங்கை முதலிய கடல் கடந்த நாடுகளில் வாணிகம் செய்து வளம் பெற்றது. அக்குலத்துச் சிறுவர் இளமையிலேயே கடையின் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதக் கற்பது வழக்கம். கல்லூரி வரை சென்று பயில்வார் அந்நாளில் மிகச் சிலரே. அழகப்பரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனில் வங்கியொன்றில் பயிற்சி பெற்றார். வானவூர்தி ஓட்டவும் கற்றார். நூலறிவும் செயலறிவும் ஒருங்கே வேண்டும் என்னும் எண்ணம், அவர் வாழ்க்கைத் தொடக்கத்திலேயே இவ்வாறு வேரூன்றியது.

தாயகம் திரும்பிய அழகப்பர் வழக்குமன்றத்தில் நிலைத்து நிற்கவில்லை. தொழில் துறையில் புகுந்தார். 1937ஆம் ஆண்டில் திருச்சூருக்கு அருகில் பெரிய நூற்பாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையைச் சூழ்ந்து எழுந்த ஊர் அவர் பெயராலேயே அழகப்ப நகர் என வழங்கலாயிற்று. மலேயாவில் இரப்பர்த் தோட்டங்களும், இந்தியாவில் காப்புறுதி நிறுவனமும் விமானப் போக்குவரத்து நிறுவனமும் எனப் பலவகைத் தொழில்கள் அவர் கையில் தழைத்தன. செல்வம் குவிந்தது. அதனை எவ்வாறு செலவிடுவது என்பதிலேதான் அவர் பெருமை விளங்குகின்றது.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அது. கடல் வழிகள் இடருற்றன. சாயங்களும் வேதிப் பொருள்களும் பொறி உறுப்புகளும் வெளிநாட்டிலிருந்து வருவது அரிதாயிற்று. பிறநாட்டுப் பொருளை மட்டுமன்றிப் பிறநாட்டு அறிவையும் நம்பி வாழ்வதன் துன்பம் அப்போது நன்கு புலப்பட்டது. அழகப்பர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். அக்கொடையினால் 1944ஆம் ஆண்டில் கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி உருவாயிற்று. வேதிப்பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என்னும் துறைகள் அங்கு இடம் பெற்றன. இவை நாட்டில் நடைபெற்ற தொழில்களின் தேவையை ஒட்டி அமைந்தவை என்பது கருதத்தக்கது.

தோல் துறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. ஆனால், ஆவாரம்பட்டை முதலியவற்றால் பதனிட்ட தோல், அரைப் பதத்திலேயே கப்பலேறிச் சென்றது. அதனை மெருகேற்றிக் காலணியாக்கிப் பெரும்பயன் அடைந்தவர் பிறநாட்டினர். இக்குறையைக் களைய ஆராய்ச்சி வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அக்கல்லூரியின் அருகிலேயே எழுந்தது. தோல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்க்கு அந்நிலையத்தின் ஆய்வுக்கூடமும் பதனிடும் கூடமுமே வகுப்பறைகளாயின. அங்குப் பயின்றோர் தொழிலகங்களுக்குச் சென்று புதிய முறைகளைப் பரப்பினர். தமிழகத்துத் தோல் முழுப் பதம் பெற்றதாகவும் காலணியாகவும் பிற்காலத்தில் கடல் கடந்து சென்றதற்கு இவ்விணைப்பு பெருந்துணை புரிந்தது.

அழகப்பர் தம் சொந்த மண்ணையும் மறந்தாரல்லர். 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வருதல் வேண்டும் எனப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் அவ்விழாவில் வேண்டினார். அழகப்பர் அவ்விடத்திலேயே ஓர் இலட்சம் ரூபாய் அளித்துக் காரைக்குடியில் கல்லூரி தொடங்க இசைந்தார். அடுத்த திங்களிலேயே அக்கல்லூரி நடைபெறத் தொடங்கியது.

இதனினும் அரிய செயல் ஒன்று பின்னர் நிகழ்ந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றை அமைக்க அரசு திட்டமிட்டது. அவற்றுள் ஒன்று மின்வேதியியலுக்கு உரியது. மின்னாற்றலால் உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தல், அலுமினியம் பிரித்தல், உலோகத்திற்கு முலாம் பூசுதல், மின்கலம் செய்தல், இரும்பு துருப்பிடிக்காமல் காத்தல் ஆகியவை இத்துறையுள் அடங்கும். இத்தகைய நிலையம் பெருநகரில் அமைவதே இயல்பு என எவரும் கருதுவர். காரைக்குடியோ மழை குறைந்த வறண்ட நிலம். பெருந்தொழில் இல்லாத ஊர். அங்கு அமையும் நிலையம் சிறக்குமோ என்னும் ஐயம் எழுதற்கு இடமுண்டு. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்து அந்நிலையத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்துவைத்தார்.

ஐயம் பொய்த்தது. காஸ்டிக் சோடா ஆலைகளில் பயன்பட்ட கரி மின்வாய்கள் விரைவில் தேயும் இயல்பின. அவற்றிற்கு மாற்றாக, தேயாத டைட்டானிய மின்வாய்களைச் செய்யும் முறையை இந்நிலையத்தார் கண்டனர். தொழிலகத்தார் அதனை ஏற்று உற்பத்தி செய்தனர். மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக்காற்றில் வைத்து அரிமானத்தை ஆராயும் நிலையமும் அமைந்தது. குமரி முதலிய கடலோரப் பகுதிகளில் இரும்புக் கம்பியும் பாலமும் துருவேறுவதைக் காண்போர், அவ்வாராய்ச்சியின் பயனை எளிதில் உணர்வர்.

ஆய்வாளரோடு பயிற்சி பெற்ற தொழிலாளரும் வேண்டும் அன்றோ? ஆதலின் அழகப்பர் காரைக்குடியில் 1952ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியை நிறுவினார். பாலிடெக்னிக் ஒன்றும் அமைந்தது. சிறுவர் பள்ளி முதல் ஆராய்ச்சி நிலையம் வரை படிப்படியாக உயரும் கல்வி நகர் ஒன்று அவ்வறண்ட நிலத்தில் எழுந்தது. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியபோது, தாம் வாழ்ந்த மாளிகையையே அவர் வழங்கினார்.

ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை அவர் நாடு விடுதலை பெற்றதும் துறந்தார். இந்திய அரசு 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. பிற்காலத்தில் நோய் அவரை வருத்தியது. வழங்கி வழங்கிச் செல்வமும் சுருங்கியது. ஆயினும் அவர் ஈகை சுருங்கவில்லை. நாற்பத்தெட்டாம் அகவை நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார்.

அவர் நட்டவை அவருக்குப் பின்னரும் வளர்ந்தன. கிண்டிக் கல்லூரி 1978ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. 1985ஆம் ஆண்டில் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் மலர்ந்தது. மின்வேதியியல் நிலையத்தில் ஆராய்ச்சியாளரிடமே மாணவர் பொறியியற் பட்டக் கல்வி பயிலும் ஏற்பாடும் உண்டாயிற்று. பொருள் படைத்தவர் பலர். அப்பொருளைப் பிறருடைய அறிவாகவும் கைத்திறனாகவும் மாற்றிச் சென்றவர் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவராக அழகப்பர் என்றும் போற்றப்படுவார்.