என்ரிகோ பெர்மியும் முதல் அணு உலையும்

என்ரிகோ பெர்மி 1901ஆம் ஆண்டு இத்தாலியின் ரோம் நகரில் பிறந்தார். ஓராண்டு மூத்த தமையன் 1915இல் இறந்தபோது, அத்துயரை மறக்க நூல்களை நாடினார். பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய இலத்தீன் இயற்பியல் நூலொன்றை முழுவதும் கற்றார்.

1938இல் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றவர் தாயகம் திரும்பவில்லை. மனைவி லாரா யூத இனத்தவர். இத்தாலிய அரசோ யூதருக்கு எதிராகச் சட்டம் இயற்றியிருந்தது. குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது.

இரண்டாம் உலகப்போரின்போது, அணுகுண்டு முயற்சியின் ஒரு பகுதியாக, உலகின் முதல் அணு உலையை அமைக்கும் பணியைப் பெர்மி ஏற்றார். சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கில், பார்வையாளர் மேடைக்கு அடியில், கிராபைட் கட்டிகளும் யுரேனியமும் 57 அடுக்குகளாக எழுந்தன. யுரேனிய அணு பிளவுபடும்போது வெளிவரும் நியூட்ரான்கள் பிற அணுக்களைப் பிளக்கும். காட்மியத் தண்டு உள்ளே இருந்தால் நியூட்ரான்களை உறிஞ்சிவிடும். வெளியே இழுத்தால் வினை வளரும்.

நகரின் நடுவே, கதிர்வீச்சுத் தடுப்பும் குளிர்விக்கும் அமைப்பும் இல்லாத உலை! இன்று எவரும் அதற்கு இசையார். ஆயினும் பெர்மி ஒரே காவலை நம்பவில்லை. ஒரு தண்டில் கனத்த எடை பிணைக்கப்பட்டு, கயிற்றால் நிறுத்தப்பட்டிருந்தது. கயிற்றை வெட்டினால் எடை விழும். தண்டு உலைக்குள் பாயும். மின்சாரம் வேண்டா. கோடரியுடன் ஒருவர் நின்றார். மேலே மூவர் காட்மியக் கரைசலுடன் காத்திருந்தனர்.

1942 டிசம்பர் 2, முற்பகல். தானியங்கித் தண்டொன்று பேரோசையுடன் உள்ளே விழுந்தது. அனைவரும் திடுக்கிட்டனர். அது விழவேண்டிய வரம்பு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்ததே காரணம். பெர்மி பதறவுமில்லை, விரையவுமில்லை. எல்லாரையும் உணவுக்கு அழைத்தார்! பிற்பகல் மூன்றரை மணியளவில் தொடர்வினை நிலைபெற்றது. கிடைத்த ஆற்றல் அரை வாட். ஒரு விளக்குக்கும் போதாது. பின்னர்த் தண்டுகள் உள்ளே சென்றன, உலை அடங்கியது.

இன்றைய பெரிய உலைகளில் வினையை நிறுத்துவது மட்டும் போதாது. நின்ற பின்னும் எரிபொருளில் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். 2011இல் ஜப்பானின் புகுஷிமாவில் ஆழிப்பேரலையால் மின்சாரம் அற்றுப்போக, குளிர்விக்க இயலாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. புதிய உலைகள் சிலவற்றில் நீர்த்தொட்டி உயரத்தில் உள்ளது. மின்சாரம் இன்றியும் நீர் தானே இறங்கும். தமிழ்நாட்டின் கூடங்குளத்தில், சூடான காற்று தானே மேலெழும் இயல்பைக் கொண்டு வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டு.

பெரிய அணுமின் நிலையங்கள் எழுவதைக் காணாமலே, பெர்மி 1954 நவம்பர் 28ஆம் நாள் சிகாகோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.