ஆரோன் கண்ட அக்கினி



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆர்ப்பரித்தேன். டிரம்ஸ் அடிக்க அடிக்க ஜனங்கள் குதித்தார்கள். மகிமை இறங்கிவிட்டது என்று நானே அறிவித்தும்விட்டேன். விடியற்காலையில் பாய்களைச் சுருட்டி வைக்கும்போது உள்ளத்தில் ஒரு கேள்வி குத்தியது. வந்தது தேவபிரசன்னமா, நான் உண்டாக்கின சத்தமா? பதில் சொல்ல முடியலை. அன்றைக்குத்தான் ஆரோனுடைய சரித்திரத்தை முழங்காலில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன்.

பார்வோனுக்கு முன் நிற்கும்போது ஆரோனுக்கு வயது 83, தம்பி மோசேக்கு 80. திக்குவாயான தம்பிக்கு வாயாக இருந்தவன். அமலேக்கோடே யுத்தம் நடந்தபோது அவன் கையைத் தாங்கினவன். நல்ல மனுஷன்தான். ஆனால் ஜனங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிற சுபாவம் அவனுக்கு இருந்தது.

மோசே 40 நாள் சீனாய் மலையில் இருந்தான். தேவன் தம்முடைய ஜனத்தின் நடுவே வாசம்பண்ண விரும்பி, ஆசரிப்புக்கூடாரத்தின் மாதிரியை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஆரோன் உடுத்தவேண்டிய பரிசுத்த வஸ்திரங்களையும் அங்கேதான் விவரித்தார். அதே நாட்களில் கீழே ஆரோன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? ஜனங்கள் நெருக்கினவுடனே பொன் காதணிகளை வாங்கிக் கன்றுக்குட்டி வார்த்தான். கர்த்தருக்குப் பண்டிகை என்று பெயரும் வைத்தான்! பலி இருந்தது, பாட்டு இருந்தது, ஆட்டம் இருந்தது. பிரசன்னம் மட்டும் இல்லை. அன்றைக்கு ஏறக்குறைய 3,000 பேர் விழுந்தார்கள்.

ஆனாலும் கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை. மோசே அவனுக்காக விண்ணப்பம்பண்ணினான். ஏழு நாள் கூடாரவாசலில் காத்திருந்த ஆரோனுக்கு எட்டாம் நாளில் வந்த முதல் கட்டளையைப் பாருங்கள். தனக்காகப் பாவநிவாரணபலி செலுத்தவேண்டும். எதை? ஒரு கன்றுக்குட்டியை! எதை வார்த்து விழுந்தானோ, அதே உருவத்தைப் பார்த்துக்கொண்டே பலிபீடத்தண்டை போகவேண்டியதாயிற்று. ஊழியக்காரன் முதலில் தன் பாவத்தோடேதான் சந்நிதிக்கு வரவேண்டும்.

பலி என்பது தேவனுக்குச் சாப்பாடு போடுகிற காரியம் இல்லை. காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒரு ஆட்டுக்குட்டி, தினமும் கூடாரவாசலில் எரியவேண்டும், அங்கே ஜனத்தைச் சந்திப்பேன் என்பது அவருடைய வாக்குத்தத்தம் (யாத். 29). பரிசுத்தர் பாவிகளோடு குடியிருக்க இரத்தத்தினாலே வழி உண்டாக்கினார். ஆரோன் சொன்னபடியே பலிகளைச் செலுத்தி, ஜனங்களை ஆசீர்வதித்தான். அப்போது மகிமை காணப்பட்டது. கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டுப் பலியைப் பட்சித்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்தது அதற்கு அப்புறம்தான். நான் ஆர்ப்பரிப்பை முதலில் வைத்துவிட்டேன்!

அடுத்தது நடுங்கவைக்கிற சம்பவம். ஆரோனின் குமாரர் நாதாபும் அபியூவும் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்தார்கள். பலியைப் பட்சித்த அதே சந்நிதியின் அக்கினி அவர்களைப் பட்சித்தது. பெற்ற தகப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நினைத்தால் இப்பவும் எனக்குக் கண் கலங்கும். அதன்பின் வருஷத்திற்கு ஒரே நாள், தூபப்புகை கிருபாசனத்தை மூட, பலியின் இரத்தத்தோடே மட்டும் மகா பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசித்தான்.

இந்த ஆரோன் கடைசிவரை பயந்தவனாகவே இருந்தானா? இல்லை! கோராகின் கலகத்திற்குப்பின் வாதை தொடங்கி 14,700 பேர் மாண்டபோது, இந்தக் கிழவன் தூபகலசத்தோடே சபையின் நடுவே ஓடினான். பிணங்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் இடையில் நின்றான்; வாதை நின்றது. ஜனங்களுக்குப் பயந்து கன்றுக்குட்டி செய்தவன், ஜனங்களுக்காகச் சாவுக்கு முன்னே நின்றான்.

40-ஆம் வருஷம் ஐந்தாம் மாதம் முதல் தேதியில், ஓர் என்னும் மலையில், 123-ஆம் வயதில் மரித்தான். மோசே அவன் வஸ்திரங்களைக் கழற்றி எலெயாசாருக்கு உடுத்தினான். ஆசாரியன் போகிறான், வஸ்திரம் தங்குகிறது. நமக்கோ மாறாத பிரதான ஆசாரியர் இருக்கிறார்; தம்முடைய சொந்த இரத்தத்தினாலே ஒரேதரம் பிரவேசித்தவர். அல்லேலூயா!

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கை அணைத்துவிட்டு, முதலில் என் குற்றத்தைச் சபைக்கு முன் அறிக்கையிட்டேன். அன்று யாரும் குதிக்கவில்லை. நெடுநேரம் யாரும் எழுந்து போகவும் இல்லை.

பிரியமானவர்களே, உங்கள் பலிபீடத்தில் இருக்கிற அக்கினி யார் மூட்டினது? கர்த்தர் நம்மோடு பேசுவாராக. ஆமென்.