கண் தெரியாமல் போட்ட கணக்கு

இரண்டை 1, 2, 4, 8, 16 முறை எழுதிப் பெருக்கி, விடையோடு ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்துமே பகா எண்கள்! அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. அடுத்து, 32 முறை பெருக்கிக் கூட்டினால் 429,49,67,297. இதுவும் பகா எண்தான் என்று 1640-ல் நம்பினார் பிரான்ஸ் நாட்டு மேதை ஃபெர்மா. 92 ஆண்டுகள் கழித்து அந்த நம்பிக்கையை உடைத்தார் ஓர் இளைஞர். அவர்தான் லியோன்ஹார்ட் ஆய்லர்.

ஆய்லர் 1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ கணக்கில்தான் ஆசை! யோகான் பெர்னூலி என்ற பெரிய கணித அறிஞர், சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் சந்தேகம் கேட்க அனுமதி தந்தார். வாரம் முழுவதும் தானே படித்து, புரியாததை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் ஆய்லர். மாணவனின் திறமையைக் கண்ட பெர்னூலியே அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினார்.

இருபது வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வேலைக்குப் போனார். அங்குதான், 1732-ல், ஃபெர்மாவின் எண்ணை 641 வகுப்பதைக் கண்டுபிடித்தார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த எண் வந்துவிடும்! இப்படிப்பட்ட எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும் என்று பின்னாளில் அவரே நிரூபித்தார். அப்படிச் சோதித்தால் 193, 257, 449, 577 ஆகியவற்றுக்கு அடுத்து, ஐந்தாவதாகவே 641 அகப்பட்டுவிடும்.

1738-ல் வலக்கண் பார்வை போனது. 1766-ல் இடக்கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் வீடு தீப்பற்றியபோது, ஊர்க்காரர் ஒருவர் அவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். அதே ஆண்டு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாள் பார்வை வந்தது, பிறகு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

யாராக இருந்தாலும் சோர்ந்து போவார்கள் அல்லவா? ஆய்லர் பலகையில் சாக்கட்டியால் பெரிது பெரிதாக எழுதினார். மற்றதை மனத்தில் போட்டு, வாயால் சொல்லி எழுத வைத்தார்.

அந்த நிலையில்தான் 1772-ல், தன் குருவின் பேரனுக்கு எழுதிய கடிதத்தில், 214,74,83,647 பகா எண் என்று அறிவித்தார். இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. சாதாரணமாகச் சோதித்தால் 46,340 வரை உள்ள ஏறக்குறைய 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருபவை மட்டும் போதும் என்று ஆய்லர் கண்டார். வேலை நூறு வகுத்தலுக்கும் கீழே குறைந்துவிட்டது! எதுவுமே மீதியின்றி வகுக்கவில்லை.

1783 செப்டம்பர் 18 அன்று, பேரக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து, அன்றே காலமானார் ஆய்லர். 1772-லிருந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அதைவிடப் பெரிய பகா எண்ணை ஒருவராலும் காட்ட முடியவில்லை.