ரத்தத்தைக் கெட்டியாக்கும் ராட்சத புரோட்டீன்: யார் இந்த யான் வால்டன்ஸ்ட்ரோம்?

மூக்கிலும் வாயிலும் ரத்தக் கசிவு. கழுத்தில் நெறிகட்டு. ரத்தசோகை. இந்தத் தொல்லைகளோடு 2 பேர் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோமிடம் வந்தார்கள். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று பார்த்தால், எலும்பு எக்ஸ்ரே பக்கா நார்மல். ஆனால் ரத்தம் மட்டும் பாகு மாதிரி கெட்டியாக இருந்தது.

1906-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர் வால்டன்ஸ்ட்ரோம். தாத்தா மருத்துவப் பேராசிரியர், அப்பா எலும்பு சிகிச்சை நிபுணர். ஆனாலும் இவருக்குப் பிடித்தது வேதியியல். நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் ஃபிஷரிடம் மியூனிக் நகருக்கே போய்ப் படித்தார். அந்தப் படிப்புதான் இங்கே கைகொடுத்தது.

அவர் இருந்த உப்சாலா நகரில்தான் ஸ்வெட்பெரியின் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இருந்தது. ரத்தத் திரவத்தை அசுர வேகத்தில் சுழற்றினால், பெரிய புரோட்டீன்கள் முதலில் அடியில் இறங்கும். அப்படி இறங்கியதன் மூலக்கூறு எடை சுமார் 10 லட்சம்! நம் ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆல்புமினுக்கு வெறும் 66 ஆயிரம்தான். இதை 1944-ல் கட்டுரையாக வெளியிட்டார். புதிய நோய்தான் என்று அடித்துச் சொல்லாமல், தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்த ராட்சதனின் இன்றைய பெயர் ஐஜிஎம். நோயின் பெயர் வால்டன்ஸ்ட்ரோம் மேக்ரோகுளோபுலினீமியா. இது அரிய வகை லிம்போமா.

சரி, ரத்தத்தில் இந்த புரோட்டீன் தெரிந்தாலே கேன்சரா? இல்லை. வால்டன்ஸ்ட்ரோமின் பெரிய பங்களிப்பே இங்கேதான். 1950-ல் மால்மோ மருத்துவமனைக்குப் போன பிறகு, எலக்ட்ரோஃபோரசிஸ் டெஸ்ட்டில் பலரின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்தார். பட்டை அகலமாக இருந்தால் பலவகை செல்கள் சேர்ந்து சுரந்தது. ஒல்லியாக, கூராக இருந்தால் ஒரே செல்லின் வாரிசுகள் சுரந்தது. ஆனால், கூர்மையான பட்டை இருந்தும் சிலர் வருஷக்கணக்கில் நன்றாகவே இருந்தார்கள். அவர்களுக்கு மருந்து வேண்டாம், கவனித்தால் போதும் என்பது அவர் நிலைப்பாடு. டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காத டாக்டர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பின்னால் வந்த ஆய்வுகள் அவரைத் திருத்தின. இந்த நிலை எல்லோருக்கும் கடைசிவரை தீங்கற்றதாக இருப்பதில்லை. ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம் பேருக்கு நோயாக மாறுகிறது. அதனால்தான் தொடர் பரிசோதனை அவசியம்.

வால்டன்ஸ்ட்ரோம் 1996-ல், 90 வயதில் காலமானார். இந்த நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானோரிடம் ஒரே மரபணு மாற்றம் இருப்பது 2012-ல்தான் தெரியவந்தது. நோய் எப்படிப் போகும் என்று கணிக்க, 2009 முதல் வயது, ஹீமோகுளோபின், பிளேட்லெட், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஐஜிஎம் ஆகிய 5 அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் ஐஜிஎம் மட்டும் கூடியிருந்தால், பெரும்பாலும் இன்றும் உடனே சிகிச்சை தொடங்குவதில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.